யாகூபின் வலது கால்

சேந்தமங்கலம் பேருந்து நிலையத்தில் நான் இறங்கியபோது காலை எட்டு மணி. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, ஜூலை மாதம். உலகக் கோப்பை முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மலேசியாவில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளில் அந்த இறுதி ஆட்டத்தைப் பற்றிய சண்டை இன்னும் ஓய்ந்திருக்காது. இங்கே பேருந்து நிலையத்தில் யாரும் கால்பந்தைப் பற்றிப் பேசவில்லை. முட்டை விலையைப் பற்றிப் பேசினார்கள்.

என் பையில் ஒரு கடிதம் இருந்தது. எங்கள் கால்பந்துக் குழுவின் பழைய ரசிகர்கள் எழுதிக் கையெழுத்திட்டது. தமிழில் ஒரு பக்கம், அதையே மலாயில் ஒரு பக்கம். கீழே சீனர்களின் கையெழுத்துகளும் உண்டு. யாகூப் என்ற ஆட்டக்காரரிடம் மன்னிப்புக் கேட்கும் கடிதம் அது. யாகூப் இறந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதனால் அவர் குடும்பத்தாரிடம் கொடுத்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். திருச்சியில் ஒரு கல்யாணத்துக்கு நான் எப்படியும் வர வேண்டியிருந்தது. வேறு தகுதி எனக்கு இல்லை.

எங்கள் ஊர் பேராக் மாநிலத்தில் ஒரு பழைய ஈயச் சுரங்க ஊர். ஈயம் தீர்ந்த பிறகு அங்கே மிஞ்சியது மழையும் மஞ்சள் சட்டை போட்ட கால்பந்துக் குழுவும்தான். யாகூப், தன் மாமாவின் துணிக்கடையில் வேலை செய்யச் சிறு வயதில் கப்பலேறி வந்தவர். பதினாலு வருடம் எங்கள் குழுவின் இடது ஓரத்தில் ஆடினார். அவருடைய இடது கால் அடிக்கும் பந்து காற்றில் வளைந்து போகும். மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் அவரை 'எங்கள் யாகூப்' என்றுதான் சொன்னார்கள்.

எழுபத்து நான்கில் ஓர் இறுதி ஆட்டம். முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. யாகூப் பந்தை வைத்தார், பின்னால் வந்தார், வலது காலால் அடித்தார். பந்து கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே போனது. ஆயுளெல்லாம் இடது காலால் ஆடியவன் அன்றைக்கு மட்டும் ஏன் வலது காலால் அடித்தான்? ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று முதலில் யார் கத்தியது என்று தெரியாது. பிறகு மைதானமே கத்தியது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நானும் கத்தினேன்.

மூன்று மாதத்தில் அவர் பினாங்கில் கப்பலேறிவிட்டார். வழியனுப்ப ஒருவரும் போகவில்லை.

இருபத்து நான்கு வருடம் கழித்து, சென்ற மாதம், குழுவின் பழைய மசாஜ்காரர் மாரிமுத்து ஒரு தபாலோடு தேநீர்க் கடைக்கு வந்தார். யாகூப் பெருநாளுக்குப் பெருநாள் கடிதம் போட்டது அவர் ஒருவருக்குத்தான். இந்தத் தபால் கொல்லிமலையிலிருந்து யாரோ எழுதியது, இறப்புச் செய்தி. மாரிமுத்து அதைப் படித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். "அவனும் போயிட்டான், மேனேஜரும் போயிட்டாரு, இனிமே நான் யாருக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கணும்?" என்றார். அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு பயிற்சியில் யாகூபின் இடது கால் பெருவிரல் முறிந்திருந்தது. மாற்று ஆள் இல்லை. எதிரணிக்குத் தெரிந்தால் அந்தக் காலையே மிதிப்பார்கள் என்று மேனேஜர் யாகூபிடமும் மாரிமுத்துவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஊர் திரண்டு யாகூபைத் திட்டியபோது, முறிந்த காலோடு ஆடவைத்த பழி தன்மேல் வரும் என்று மேனேஜர் வாய் திறக்கவில்லை. யாகூப் சத்தியம் செய்ததால் திறக்கவில்லை.

கடையில் யாரோ ஒரு பேனா கேட்டார்கள்.

குழுவின் பழைய நோட்டில் யாகூபின் அண்ணன் அஜீஸின் கடை விலாசம் இருந்தது. சேந்தமங்கலத்தில் இரும்புச் சாமான் கடை. மண்வெட்டி, கடப்பாரை, கயிறு, பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் வெள்ளைத் தொப்பியோடு அஜீஸ் பாய் உட்கார்ந்திருந்தார். எழுபதை நெருங்கும் வயது, மெலிந்த உடம்பு. மலேசியாவிலிருந்து வருகிறேன் என்றதும் எழுந்தே விட்டார்.

"ஏனுங்க, அத்தனை தூரத்துல இருந்தா? மொதல்ல பசியாறுங்க, அப்பறம் பேசிக்கலாம்."

'பசியாறுங்க' என்பது மலேசியத் தமிழர்களின் சொல் என்று நினைத்திருந்தேன். இங்கே இவர் வீட்டில் அது வெகு இயல்பாக உட்கார்ந்திருந்தது. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் வந்தன. எங்கள் ஊரில் இதே பாயாவில் தேங்காய்ப் பாலை ஊற்றி மிளகின் வாயை அடைத்துவிடுவார்கள். இது மிளகை மறைக்கவில்லை. மூன்றாவது இடியாப்பத்தில் நான் யாகூபின் பெயரைச் சொன்னேன்.

அஜீஸ் பாய் கை கழுவ எழுந்தார்.

"மேல போறதுன்னா பதினோரு மணிக்குப் பஸ்ஸு இருக்குதுங்க. காரவள்ளி போயி மலை ஏறும். கண்டக்டருகிட்டச் சொன்னா எறக்கி உடுவாரு."

"உங்களுக்கும் சேர்த்துத்தான் ஒரு கடிதம் கொண்டுவந்திருக்கிறேன். படிக்கட்டுமா?"

"வேண்டாமுங்க. அந்தப் பேச்ச மட்டும் எங்கிட்ட எடுக்காதீங்க. நீங்க எப்ப வேணா வாங்க, சாப்புடுங்க, தங்குங்க. அது மட்டும் வேண்டாம்."

குரலில் கோபம் இல்லை. நாலாவது இடியாப்பத்தை அவரே என் தட்டில் வைத்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி யாரிடமோ சொல்வது கேட்டது: "தம்பி மையத்த அடக்கம் பண்ணவே போவாத மனுசன், இதக் கேப்பாரா?"

காரவள்ளியில் பேருந்து சிறிது நின்று, ஓட்டுநர் தேநீர் குடித்து, முகம் கழுவி, பிறகு ஏறினார். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் கேமரன் மலைப் பாதையில் ஏறிப் பழகிய வயிறு என்று நம்பிக்கொண்டிருந்தேன். பதினைந்தாவது வளைவில் அந்த நம்பிக்கை போனது. பக்கத்தில் இருந்த பெண் மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார். "மோந்துக்கிட்டே வாங்க சாமி. வெளிய பாக்காதீங்க, எதுக்க இருக்கறவரு முதுகப் பாருங்க."

எதிரே இருந்தவர் முதுகை வெகுநேரம் பார்த்தேன். பாதி மலையில் பலாப்பழ லாரி ஒன்று எதிரே வந்தது. எங்கள் பேருந்து பின்வாங்கியதில் பின்சக்கரம் ஓரத்துக் கால்வாயில் இறங்கிவிட்டது. எங்கள் ஊராக இருந்தால் எல்லாரும் இருக்கையிலேயே உட்கார்ந்து ஆபீசுக்கு யார் போன் செய்வது என்று யோசித்திருப்போம். இங்கே எல்லாரும் இறங்கினார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், கடைசியில் யார் யோசனையும் இல்லாமல் தள்ளினார்கள். நானும் தள்ளினேன். சக்கரம் ஏறியதும் லாரிக்காரர் ஒரு பலாப்பழத்தை வெட்டிக் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டிருக்கும்போது யாரைப் பார்க்கப் போகிறேன் என்று அந்தப் பெண் கேட்டார்.

"யாகூப் என்று ஒருவர். வாழவந்தி நாட்டில் கடை வைத்திருந்தார்." மலைமேல் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு.

"பந்து பாயிங்களா?" என்றார் அவர். உடனே பேருந்தே என் பக்கம் திரும்பியது. பந்து பாயின் ஊர்க்காரர் வந்திருக்கிறார் என்று ஒருவர் கண்டக்டரிடம் சொன்னார். ஜன்னலோர இருக்கை எனக்குக் கிடைத்தது. அது எனக்கு வேண்டியிருக்கவில்லை.

கண்டக்டர் என்னை இறக்கிவிட்ட இடத்தில் செல்லமுத்து ஜீப்போடு நின்றான். மலைக்காரன், முப்பது வயது, அன்னாசித் தோட்டமும் ஜீப்பும் உண்டு. மாரிமுத்துவுக்குத் தபால் எழுதியவன் அவன்தான். நான் வருவதை எப்படித் தெரிந்துகொண்டான் என்று கேட்டேன். நாங்கள் பலாப்பழம் தின்றுகொண்டு நின்றபோது தாண்டிவந்த இருசக்கர வண்டிக்காரன் ஒருவன் சொன்னானாம். தந்தியைவிட வேகம்.

யாகூபின் கதையில் எனக்குத் தெரியாத பாதியைச் செல்லமுத்து ஜீப் ஓட்டிக்கொண்டே சொன்னான். கப்பலிலிருந்து வந்தவர் அண்ணன் கடையில் இரண்டு வருடம் இருந்திருக்கிறார். பிறகு ஏதோ மனத்தாங்கலில் மலைக்கு வந்து, மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கும் கடை போட்டிருக்கிறார். கடைக்கு எதிரே சாமை அறுத்த காட்டில் ஒரு நாள் பந்து ஒன்றைப் போட்டார். அதுவரை அங்கே பந்து என்றால் கையால் எறிவதுதான்.

"நாங்க எல்லாம் அவரு கைல வளந்தவங்கதானுங்க. நாமக்கல், ராசிபுரம் எல்லாம் போயி ஆடியிருக்கறோம். கப்பு வாங்கல. ஆனா போனோம்."

"ஏன் வாங்கவில்லை?"

செல்லமுத்து சிரித்தான். "அவராலதானுங்க. மேச்சுக்கு முன்னால எங்கள வரிசையா நிக்கவெச்சு, குனிஞ்சு ஒவ்வொருத்தன் கால் விரலா அமுக்கிப் பாப்பாரு. எவனாச்சும் மூஞ்சியச் சுளிச்சான்னா, வெளிய உக்காருன்னுருவாரு. ஒருக்கா எங்க நல்ல ஆளு ரெண்டு பேர இப்படித்தான் உக்காரவெச்சாரு. ஒம்பது பேரோட ஆடித் தோத்தோம். கெஞ்சுனோம், கேக்கலியே. முடமாயி ஆட வேண்டாம், தோத்துட்டு ஊட்டுக்குப் போலாம்னாரு. அப்பிடி ஒரு கிறுக்கு."

நான் பைக்குள் இருந்த கடிதத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

அன்று செல்லமுத்து வீட்டில் தங்கினேன். சாமைச் சோறு, அவரைக் குழம்பு. ஜூலையில் இப்படிக் குளிரும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பட்டு வேட்டியைப் போர்வைக்கு மேல் போர்த்திக்கொண்டு தூங்கினேன்.

மறுநாள் ஞாயிறு, யாகூப் இறந்த நாற்பதாம் நாள். காலையில் அவர் வீட்டில் பாத்திஹா ஓதினார்கள். சேந்தமங்கலத்திலிருந்து வியாபாரிகள் நாலைந்து பேர் ஒரு வேனில் நெய்ச்சோற்றுத் தேக்சாவோடு வந்திருந்தார்கள். அஜீஸ் பாய் இல்லை. சாப்பாடு முடிந்ததும் எல்லாரும் எதிர்க் காட்டுக்கு நடந்தோம். அங்கே அவர் நினைவாக ஓர் ஆட்டம். வாழவந்தி நாட்டுக் குழுவும் திண்ணனூர் நாட்டுக் குழுவும்.

மைதானம் என்று அதைச் சொல்ல முடியாது. ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் பள்ளம். கோல் கம்பங்கள் மூங்கில். பள்ளத்தின் பக்கம் பந்து போய்விட்டால் ஆட்டத்தை நிறுத்தி, ஓர் ஆள் கீழே இறங்கி எடுத்து வருவதாம். சுற்றிலும் முந்நூறு பேர் இருப்பார்கள், பெண்களும் நிறைய. வாழவந்தி நாட்டுக் குழு வந்து வரிசையாக நின்றபோதுதான் கவனித்தேன், எல்லாரும் மஞ்சள் சட்டை. எங்கள் மஞ்சள். கழுத்தில் அதே கறுப்புப் பட்டை.

"பாய்தானுங்க தெச்சுக் குடுத்தாரு. இந்த நெறந்தான் வேணும்னு ஈரோடு வரைக்கும் போயி வாங்கிட்டு வந்தாரு" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

மௌன அஞ்சலி எதுவும் இல்லை. செல்லமுத்து மட்டும் வரிசையின் முதல் ஆளின் முன் குனிந்து, வெறுங்காலின் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கினான். அடுத்த ஆள். அடுத்த ஆள். ஏழாவது ஆள் வாழவந்தி நாட்டின் முன்வரிசைக்காரன். அந்தக் குழுவிலேயே கெட்டிக்காரன் என்று காலையிலிருந்து நாலு பேர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். காலை அமுக்கியதும் அவன் உதட்டைக் கடித்தான். செல்லமுத்து நிமிர்ந்தான்.

"வெளிய உக்காரு."

"அண்ணா, இன்னைக்கு மட்டும். பாய்க்காவண்டி ஆடறது."

"பாய்க்காவண்டிதான் சொல்றேன். உக்காரு."

அவன் அழுதுகொண்டே போய்க் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தான். யாரும் மறுத்துப் பேசவில்லை. திண்ணனூர்க்காரர்கள் தங்கள் வரிசையிலிருந்தும் ஒருவனை உட்காரவைத்தார்கள். அவன் காலில் ஒன்றும் இல்லை, கணக்குச் சரியாக இருக்கட்டும் என்று.

பிறகு செல்லமுத்து என்னை நடுவில் கூட்டிப்போனான். "பாய் மலேசியாவுல ஆடுனதக் கண்ணால பாத்தவரு" என்று கூட்டத்துக்குச் சொன்னான். "அவரு கப்பலேறுன அன்னைக்கு ஊரே தோள்ல தூக்கிட்டு வந்துச்சுன்னு பாய் சொல்லுவாரு. அதச் சொல்லுங்க" என்று என்னிடம் சொன்னான்.

அதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. கடிதத்தை வெளியே எடுத்திருந்தேன். திரும்ப உள்ளே வைத்துவிட்டு, ஆமாம், தூக்கினோம் என்று சொல்லிவிடலாம். அவர் ஆசைப்பட்டுச் சொன்ன பொய் அது. இறந்தவரிடமிருந்து அதையும் பிடுங்க வேண்டுமா? இன்னொரு பக்கம், உட்காரவைக்கப்பட்ட அந்த ஆட்டக்காரன் முழங்காலைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனை ஏன் உட்காரவைத்தார்கள் என்று அவனுக்கும் தெரியாது, உட்காரவைத்தவனுக்கும் தெரியாது.

"தூக்கவில்லை" என்றேன். "ஒருவரும் போகவில்லை." பிறகு கடிதத்தைப் படித்தேன். பெனால்டி, வலது கால், நாங்கள் கத்தியது, முறிந்த விரல், சத்தியம், எல்லாம் அதில் இருந்தன. எங்களை மன்னிக்கும்படி முடிந்திருந்தது. படிக்க நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

செல்லமுத்து தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் ஒரு கிழவர் சத்தமாகக் கேட்டார்: "அப்ப அந்த ஊருல அவரக் கெட்டவருன்னா சொன்னீங்க?"

"ஆமாம்."

"உங்களுக்கு ஆளு பாக்கத் தெரியலீங்க" என்றார். அவ்வளவுதான். விசில் ஊதினார்கள், ஆட்டம் தொடங்கியது. பந்து மூன்று முறை பள்ளத்தில் போனது. வாழவந்தி நாடு இரண்டு ஒன்றில் தோற்றது.

யாகூபின் மனைவி ஜுலைகா இத்தா இருந்தார். கணவர் இறந்தால் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அதனால் மாலையில் நான் முன்னறையில் உட்கார, அவர் பாதி சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து பேசினார். மைதானத்தில் நடந்ததை அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள். கடிதத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். விரல் முறிந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"எந்தக் காலு?"

"இடது கால். பெருவிரல்."

"எங்கிட்ட லாரிச் சக்கரம் ஏறிடுச்சுன்னு சொன்னாருங்க. மழ பேஞ்சா அது நோவும். வெந்நித் தண்ணில உப்புப் போட்டு வெப்பேன். இருவது வருசம் வெச்சேன். எங்கிட்டச் சொன்னா என்னங்க? நான் யாருகிட்டப் போயிச் சொல்லப் போறேன்?"

கடிதத்தைக் கதவிடுக்கில் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இது இங்க யாருக்கும் வேண்டாமுங்க. இந்த மலைல அவர யாரும் சந்தேகப்படல. கீழ எடுத்துட்டுப் போயி அவிய அண்ணங்கிட்டப் படிங்க. கேக்கமாட்டேன்னுதான் சொல்லுவாரு. அங்கயே நின்னு படிங்க."

திங்கட்கிழமை முதல் பேருந்தில் இறங்கினேன். இறங்குவது ஏறுவதைவிட மோசம் என்பதோடு அதை முடித்துக்கொள்கிறேன்.

அஜீஸ் பாய் அப்போதுதான் கடை திறந்து கடப்பாரைகளை வெளியே சாய்த்துக்கொண்டிருந்தார். பசியாறச் சொன்னார். பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லி, நின்றபடியே படிக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டித் தடுத்தார். நான் நிறுத்தவில்லை. இரண்டாவது வரியில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விரல் முறிந்த இடத்தில் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தார். கயிறு வாங்க வந்த ஒருவர் நிலைமையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"அவனுக்கு முன்னாலயே சேதி இங்க வந்துருச்சுங்க" என்றார், நான் முடித்ததும். "அங்க இருந்து வந்தவங்க சொல்லி, பள்ளிவாசல் வரைக்கும் பேச்சு. அவன் படத்த இந்தக் கடைலதான் மாட்டியிருந்தேன். பேப்பருல வந்த படம். கழட்டிட்டேன். ரெண்டு வருசம் பொறுத்துட்டு, ஒரு நாள் கேட்டேன். வித்தியாடான்னு கேட்டேன். இல்லேன்னான். பின்ன ஏண்டா வலது கால்ல அடிச்சேன்னு கேட்டேன். பேசாம நின்னான். சும்மா நின்னானுங்க. அதுக்கு வேற என்ன அர்த்தம்? அன்னைக்கே மலைக்குப் போயிட்டான்."

மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் கத்துனீங்களா?"

"கத்தினேன்."

"நானுந்தான்" என்றார்.

உள்ளே போனவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். மனைவி வாசல்வரை வந்து எங்கே என்று கேட்டார். "ஜுலைகாவப் பாத்துட்டு வாரேன்" என்று சொல்லிக் கடை ஷட்டரை இழுத்தார். பாதியில் அது நின்றுவிட்டது. இருவரும் சேர்ந்து இழுத்தோம்.

பேருந்து நிலையம் வரை உடன் போனேன். எனக்குத் திருச்சி வண்டி, அவருக்குக் கொல்லிமலை வண்டி. கடிதத்தைக் கேட்டு வாங்கி நாலாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டார். அவருக்கு முன்பக்கமாக ஓர் இடம் பிடித்துக் கொடுத்தேன். வண்டி கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். தம்பி மலைக்குப் போன இருபத்திரண்டு வருடமாக அதன் அடியிலேயே இருந்தும் ஒரு முறைகூட மேலே ஏறாத மனிதர் என்னிடம் கேட்டார்:

"மேல குளிருமுங்களா?"

"குளிரும்" என்றேன்.

தோளில் கிடந்த துண்டை எடுத்துக் காதை மூடித் தலையில் கட்டிக்கொண்டார். பேருந்து காரவள்ளிச் சாலையில் திரும்பியது.